4கே புளூரே டிஸ்கில் இரவுக்காட்சி முழுக்கக் கறுப்பு, நடுவில் ஓரிடத்தில் உறைகிறது – உதவி தேவை

இருட்டுச்சந்து:
வணக்கம். சட்டத்தைத் தன் கையில் எடுத்துப் பழிதீர்க்கும் நாயகனின் படம். முக்கால்வாசி இரவில்தான் நடக்கிறது. டிஸ்க் புதிது, கீறல் இல்லை. சந்தில் அவன் பதுங்கியிருக்கும் காட்சியில் முகம், கோட்டு, சுவர் எல்லாம் ஒரே கறுப்பு. டிவியில் பிரைட்னெஸ் கூட்டினால் திரை சாம்பல் பூக்கிறதே தவிர முகம் வரவில்லை. இன்னொன்று, 1 மணி 8 நிமிடத்தில் படம் ஓரிரு நொடி உறைந்துவிட்டு ஓடுகிறது. பிளேயரிலிருந்து எச்.டி.எம்.ஐ நேராக டிவிக்கு. பிளேயரின் அவுட்புட் ஆர்.ஜி.பி (சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தைக் குறிக்கும் முறை).

கறுப்புநிலை:
கூட்டியும் முகம் வரவில்லை என்றீர்களே, அதுதான் துப்பு. டிவி அமைப்பு மட்டும் தவறென்றால் பிரைட்னெஸ் ஏற ஏற விவரம் மெல்ல எழும். வெறும் சாம்பல்தான் வருகிறது என்றால் விவரம் முன்பே வெட்டப்பட்டுவிட்டது.

டிஸ்கில் படம் ஒய்சிபிசிஆர் வடிவில் (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாகக் குறிக்கும் முறை), லிமிடெட் அளவில் (எண்களின் முழு வீச்சையும் பயன்படுத்தாமல்) இருக்கிறது. 8 பிட் கணக்கில் சொன்னால் கறுப்பு 16, வெள்ளை 235. பிளேயர் அதை ஆர்.ஜி.பி ஃபுல்லாக, 0 முதல் 255 வரை விரித்து அனுப்ப, டிவியோ லிமிடெட் என்றே எடுத்துக்கொண்டால் 16க்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பில் புதைந்துவிடும். நிழலில் நிற்கும் ஆளின் முகம் அந்த இடத்தில்தான் இருக்கும். (நேர்மாறாகப் பொருந்தாமல் போனால் படம் வெளிறும்.)

பிளேயரில் கலர் ஸ்பேஸை ஒய்சிபிசிஆர் 4:2:2 அல்லது ஆட்டோ ஆக்குங்கள். டிவியில் எச்.டி.எம்.ஐ பிளாக் லெவல் (வரும் படம் லிமிடெட்டா ஃபுல்லா என்று டிவிக்குச் சொல்லும் அமைப்பு) ஆட்டோ. பிரைட்னெஸைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அந்தச் சந்துக் காட்சியில் படத்தை நிறுத்திவைத்துப் பாருங்கள்: மேலும் கீழும் உள்ள பட்டை முழுக் கறுப்பாகவும், கோட்டின் மடிப்பு அதைவிடச் சற்றே தெளிந்தும் இருந்தால் சரி.

இருட்டுச்சந்து:
ரொம்ப நன்றி. முகம் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் இன்னும் மங்கல்.

நிழல்முகம்:
அது எச்.டி.ஆரின் (ஒளிக்கும் இருளுக்கும் இடையே வீச்சு அதிகமுள்ள பட முறை) இயல்பு, நண்பரே. எச்.டி.ஆர்10 என்ற அதன் வகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை நிட்ஸ் (ஒளிர்வின் அலகு) என்று ஒளி அளவு நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது; இருட்டறையை மனதில் வைத்துத் தயாரித்தது. எனர்ஜி சேவிங்கையும் லைட் சென்சாரையும் அணையுங்கள், டைனமிக் டோன் மேப்பிங் (காட்சிக்கேற்ப ஒளி அளவை டிவியே சரிசெய்யும் வசதி) இருந்தால் போடுங்கள். திரைச்சீலையை இழுத்துவிடுவதற்கு ஈடாக ஒன்றுமில்லை. பெட்டியில் சாதா புளூரே டிஸ்கும் இருந்தால் பகலில் அதைப் போடுங்கள்.

அது போகட்டும், உறைகிற சங்கதிக்கு: தியேட்டர் பதிப்பா, வெட்டில்லாத பதிப்பா?

இருட்டுச்சந்து:
வெட்டில்லாதது. தியேட்டர் பதிப்பைப் போட்டால் அந்த இடத்தில் நிற்கவில்லை.

நிழல்முகம்:
அப்படியானால் டிஸ்கைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். இந்த வகைப் படங்களில் தணிக்கைக்காக வன்முறையைக் குறைத்த பதிப்பும் முழுப் பதிப்பும் ஒரே டிஸ்கில் வருவதுண்டு. படத்தை இரண்டு தடவை பதிவதில்லை. பொதுவான பகுதி ஒன்று, மாறும் காட்சிகள் தனிக் கோப்பு. பிளேயர் ஓடும்போதே தாவி எடுத்து ஒட்டுகிறது. லேசர் அடுத்த கோப்பைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் பஃபர் (முன்கூட்டியே படித்து வைத்த தகவல்) தீர்ந்தால் படம் நிற்கும்.

அழுக்கோ கீறலோ என்றால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், எந்தப் பதிப்பிலும் பொதுப் பகுதியில் அதே இடத்தில் தடுக்கும். சுத்தமாக உறைந்து, காட்சி மாறும் நொடியில் மீண்டும் ஓடினால் இந்த ஒட்டுதான் காரணம்.

பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்ளே இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள், பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு மாட்டுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் வேறு மாடல் பிளேயரில் அதே 1 மணி 8 நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால்தான் டிஸ்கை மாற்றக் கேளுங்கள்.

கறுப்புநிலை:
ஒருவேளை துடைக்க வேண்டிவந்தால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் தேய்க்காதீர்கள். பற்பசை வைத்தியம் வேண்டவே வேண்டாம்: புளூரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்புக்கு வெறும் 0.1 மிமீ கீழே, அதைக் காப்பது அந்தக் கடினப் பூச்சுதான். பற்பசை அதையே அரித்துவிடும்.

இருட்டுச்சந்து:
ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு அந்த இடத்தில் நிற்காமல் ஓடுகிறது. அவுட்புட் ஒய்சிபிசிஆர் 4:2:2, பிளாக் லெவல் ஆட்டோ. இருவருக்கும் நன்றி.