‘ஸ்லாக் வாட்டர்’ என்பதற்குத் ‘தேங்குநீர்’ பொருந்துமா?

அன்புடையீர்,

வணக்கம். பாறைகள் நிறைந்த கரையோரமாக ஒருநாள் கயாக் (சிறு துடுப்புப் படகு) பயணம் திட்டமிடுவோருக்கான தமிழ்க் கையேட்டில், கடற்பெருக்கின் ஓட்டம் திசை மாறுமுன் சிறிது ஓய்ந்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘ஸ்லாக் வாட்டர்’ என்பதற்குத் ‘தேங்குநீர்’, ‘நிலைநீர்’ ஆகிய இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கொழும்பிலிருந்து எழுதுவதால் முதற் காரணம் சற்று உள்ளூர்த்தனமானது: தேங்கிய நீர் என்றதும் இங்கு எவருக்கும் நினைவுக்கு வருவது டெங்கு நுளம்பும், பூச்சாடியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே தவிர, கடல் அன்று.

முதன்மையான காரணம் வேறு. இரு சொற்களும் நீர்மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிற்பதாக எண்ண வைக்கின்றன. துடுப்பு வலிப்பவருக்கு வேண்டியதோ நீரோட்டம் ஓயும் நேரம். அது மட்டம் உச்சத்தை எட்டும் நேரத்தோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. வேல்ஸின் மெனாய் நீரிணையைப் பாருங்கள். அங்கே 1826இல் திறக்கப்பட்ட தொங்குபாலத்துக்கும் பிரித்தானியா பாலத்துக்கும் இடைப்பட்ட, பாறைகள் மலிந்த பகுதியை ஸ்வெல்லீஸ் என்பார்கள். கடற்பெருக்கு நீரிணையின் இரு வாய்களாலும் உட்புகுவதால், அங்கு ஓட்டத்தின் திசையையும் விசையையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இரு முனைகளுக்கும் இடையிலான மட்ட வேறுபாடே. அங்கு நேரக் கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் லிவர்பூல் துறைமுகத்தின் உயர்பெருக்குக்கு (நீர்மட்டம் உச்சத்தை எட்டும் நேரத்துக்கு) ஏறத்தாழ 2 மணித்தியாலங்களுக்கு முன்பு, நீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கையிலேயே, ஓட்டம் சிறிது நேரம் ஓய்ந்து பின்பு திசை மாறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவ்வோட்டம் 8 நொட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வரை செல்லும். கயாக் செலுத்துபவரின் வழமையான வேகம் 3 அல்லது 4 நொட். ‘நிலைநீர்’ என்று படித்துவிட்டு உயர்பெருக்கு நேரத்தில் அங்கு போய்ச் சேர்பவர், திரும்பி ஓடத் தொடங்கிய நீரில் பாறைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வார்.

ஆகவே ‘ஓய்நீர்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்று நாம் சொல்லும்போது, அது மீண்டும் தொடங்கக்கூடும் என்பதும் உள்ளடங்கியே இருக்கிறது. தேங்குதலில் அந்தக் குறிப்பு இல்லை. வினைத்தொகையாதலால் ஓய்ந்த நீர், ஓய்கின்ற நீர், ஓயும் நீர் மூன்றையும் அது தாங்கும். கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “முனையை ஓய்நீரில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுக, பிந்தினால் கரையேறக்கூடிய இடத்தை முன்னரே குறித்துவைக்க.” தடங்கலின்றி வாசிக்க முடிகிறது. ‘நீரோட்ட ஓய்வு நிலை’ என்ற மாற்று யோசனை பொருளிற் பிழையற்றதாயினும், கடல் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுத முடியாத அளவுக்கு நீளமானது.

இலங்கைக்கு இச்சொல் தேவையா என்ற வினாவும் எழுந்தது. கொழும்புக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. கல்கிசைப் பாறைகளுக்கு அருகே கயாக் இறக்குபவர் தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலையைத்தான் முதலிற் பார்ப்பார். ஆனால் நம்மவர் குடியேறி வாழும் நாடுகளின் கடல் அப்படியன்று. பிரிஸ்டல் கால்வாயின் மேற்பகுதியில் வேறுபாடு 14 மீற்றர் வரையும், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீற்றர் வரையும் போகும். அங்கு காலையில் இறங்கிய சிறு மணற்கரை மாலையில் நீருக்குள் மறைந்திருக்கலாம், அல்லது நீர்விளிம்பு சேற்றுக்கும் பாசிபடர்ந்த கற்களுக்கும் அப்பால் நெடுந்தூரம் விலகிப் போயிருக்கலாம். கையேட்டின் தேவை அவர்களுக்கே அதிகம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் மிகுந்த பெருக்குக்கு (‘ஸ்பிரிங் டைட்’) முன்வைக்கப்பட்ட ‘உவாப்பெருக்கு’ என்ற சொல்லை முழுமனதோடு ஏற்கிறேன்; போயா தினத்தை நாட்காட்டியிற் பார்த்துப் பழகிய எமக்கு அது உடனே விளங்கும். எனினும் மிகுந்த பெருக்கு பல கரைகளில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பிந்தியே வருவதால், அதை வரைவிலக்கணத்திலேயே சேர்க்க வேண்டும். அதற்கு எதிரான, வேறுபாடு குறைந்த நாட்களுக்குரிய ‘அட்டமிப் பெருக்கு’ அவ்வளவு உறுதியாக இல்லை. அதற்கு மாற்றான ‘குறைபெருக்கு’ என்றால் ஒரு தடவைப் பெருக்கு குறைந்ததாகவும் பொருள்படும். இவ்விரண்டில் எதை வைப்பது என்பதில் மற்றவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.