அம்மப்பாவின்ர படை இலக்கத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இடம் அச்சுவேலி. எங்கட அம்மப்பா இரண்டாம் உலக யுத்தத்தில சிலோன் லைட் இன்ஃபன்ட்ரியில இருந்தவர். அம்மம்மாவுக்கு இப்ப 98 வயது, படுத்த படுக்கை. அந்தக் காலப் பிரித்தானியப் படையாட்களின்ர விதவைகளுக்கு ராயல் காமன்வெல்த் எக்ஸ்-சேர்விசஸ் லீக் உதவுறது எண்டு அறிஞ்சு, மாசியில விண்ணப்பிக்க வெளிக்கிட்டம். படை இலக்கம் இல்லாமல் ஏலாது எண்டு இங்க ஒரு அலுவலகத்தில திருப்பி அனுப்பிப்போட்டினம்.

கடதாசியெல்லாம் 1995 ஐப்பசி இடப்பெயர்வோட போச்சுது. மிஞ்சினது ஒரு பதக்கமும் சீருடையில எடுத்த படமும்தான். பதக்கத்தின்ர விளிம்பைக் கண்ணாடி வைச்சுப் பாத்தன், பேருமில்லை, இலக்கமுமில்லை. அந்த யுத்தப் பதக்கங்களைப் பிரித்தானியா பேர் பொறிக்காமல்தான் குடுத்தது. கலியாணப் பதிவில 'படைவீரர்' எண்டு மட்டும் கிடக்குது. கொழும்புக்கு ரெண்டு கடிதம் போட்டும் பதிலில்லை. அம்மம்மா இருக்கேக்கையே இது கிடைக்கவேணும்.

1948க்கு முந்தின இலங்கைப் படையாட்களின்ர சேவைப் பதிவேடுகள் இப்ப எங்க இருக்குது, ஆருக்கு எழுதவேணும்?