காலைல 6:10-க்கு ஃபிளைட், முந்தின ராத்திரி கம்மி ரேட்ல எந்த ஹோட்டல் எடுக்கறது?

பெட்டிபடுக்கை:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் 18-ஆம் தேதி காலைல 6:10-க்கு எங்களுக்கு வெளிநாட்டு ஃபிளைட். நான், எங்கம்மா (71 வயசு, முழங்கால் வலி, படி ஏறவே முடியாது), என் 4 வயசு பொண்ணு. பெரிய பெட்டி ரெண்டு, கையில எடுத்துட்டுப் போற பை மூணு. வீட்டுலேர்ந்து ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி வந்தா 5 மணி நேரம் ஆகும், அதனால அன்னிக்கே கிளம்பறதுங்கற பேச்சுக்கே இடமில்ல, 17-ஆம் தேதியே வந்து ஒரு ராத்திரி தங்கியே ஆகணும்.

ரெண்டு நாளா தேடி மூணு இடத்துல வந்து நிக்கறேன். ஒண்ணு, ஊருக்கு வெளிய புறநகர்ல ஒரு சின்ன ஹோட்டல், ரயில் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம், ரேட் ரொம்ப கம்மி, ஏர்போர்ட் 9 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. ரெண்டாவது, பேர்லயே ஏர்போர்ட் இருக்கு, 3 கிலோமீட்டர்தான், இலவச வேன் உண்டுன்னு போட்டிருக்காங்க, ரேட் முதல் ஹோட்டல மாதிரி ஒன்றரை மடங்கு. மூணாவது டெர்மினலோட ஒட்டியே இருக்கற பெரிய ஹோட்டல், அது மூணு மடங்குக்கும் மேல, அத விட்டுடலாம்னு இருக்கேன்.

ரூம்ல இருக்கப் போறது மொத்தமே ஏழெட்டு மணி நேரம், அதுக்கு எதுக்கு அதிகம் குடுக்கணும்னு ஒரு மனசு சொல்லுது. ஃபிளைட்ட விட்டுட்டா டிக்கெட் காசே போயிடுமேன்னு இன்னொரு மனசு பயப்படுது. இந்த மாதிரி தங்கினவங்க இருந்தா சொல்லுங்க, எதப் பாத்து எடுக்கணும்?

நைட்ஷிஃப்ட்:
நான் 7 வருஷம் ஏர்போர்ட் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல ராத்திரி ரிசப்ஷன்ல இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல ரூம மறந்துட்டு டைம பின்னாடிலேர்ந்து கணக்கு போடுங்க. 6:10 ஃபிளைட், வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுவாங்க, அப்போ 3:10-க்கு டெர்மினல் வாசல்ல இருக்கணும். கவுன்ட்டர நிறைய ஏர்லைன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடுவாங்க, அதாவது 5:10-க்கு மேல நீங்க போய் நின்னாலும் பெட்டிய வாங்க மாட்டாங்க, உங்க டிக்கெட்ல எவ்வளவுன்னு போட்டிருக்கும், பாத்துக்கங்க. அப்போ ஹோட்டல விட்டு 2:30-க்கு கிளம்பணும், 1:45-க்கு எழுந்திரிக்கணும். இப்போ உங்க கேள்வியே மாறிடுது பாருங்க. எந்த ரூம் நல்லாருக்குங்கறது இல்ல, ராத்திரி 2:30 மணிக்கு மூணு பேரையும் ரெண்டு பெரிய பெட்டியையும் ஏத்திக்கிட்டுப் போக வண்டி நிச்சயமா வருமா, இதுதான் கேள்வி. ரயில் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கறது நீங்க வர்றப்போ உதவும், 2:30-க்கு ரயில் ஓடுமாங்கறத டைம்டேபிள்ல பாத்துடுங்க, நிறைய இடத்துல அந்த நேரத்துல ஓடாது.

இலவச வேன்னு போட்டிருந்தா நம்பி உக்காராதீங்க, ஹோட்டலுக்கே போன் போட்டு கேளுங்க (புக்கிங் சைட்டுக்கு இல்ல, ஹோட்டல் ரிசப்ஷனுக்கு). காலைல முதல் வேன் எத்தன மணிக்கு? ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிட்டு வர மட்டுமா, கொண்டு விடவும் உண்டா? முன்னாடியே பேர் குடுக்கணுமா? எத்தன சீட்டு? எந்த டெர்மினல் வரைக்கும் போகும்? எங்க ஹோட்டல்லயே வேன்ல 8 பேர்தான் உக்கார முடியும், காலைல அதே நேரத்துக்கு 12 பேர் வந்து நிப்பாங்க, பேர் எழுதிக் குடுத்தவங்கள ஏத்திட்டு மத்தவங்கள அடுத்த டிரிப்புக்கு நிக்க வைக்கணும், அவங்க முகத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கும்.

இன்னொண்ணு, ராத்திரி ரிசப்ஷன்ல ஆள் இருப்பாங்களான்னு கேளுங்க. சின்ன ஹோட்டல்ல 11 மணிக்கு கேட்ட பூட்டிட்டு தூங்கப் போயிடறது உண்டு. நீங்க வர லேட் ஆகும்னா அதையும் சொல்லி வைங்க, சொல்லாம நடுராத்திரில வந்தா ஆள் வரலன்னு நினைச்சு ரூம வேற ஆளுக்கு குடுத்துட வாய்ப்பு இருக்கு.

மேப்கிறுக்கன்:
அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். அந்த 3 கிலோமீட்டர், 9 கிலோமீட்டர் ரெண்டையுமே நம்பாதீங்க. புக்கிங் சைட்ல போடற தூரம் நிறைய நேரம் காக்கா பறக்கற தூரம், அதுவும் ஏர்போர்ட்டோட நடுப்புள்ளி வரைக்கும். ரன்வேயே மூணு நாலு கிலோமீட்டர் நீளம் இருக்கும், அத குறுக்க கடந்து யாரும் போக முடியாது, சுத்தித்தான் போகணும். எனக்கு இப்படித்தான் ஆச்சு, 2.5 கிலோமீட்டர்னு பாத்து எடுத்தேன், ஜன்னல்ல நின்னா டெர்மினல் லைட் தெரியுது, ஆனா அது வேலிக்கு அந்தப் பக்கம், ரோட்டுல போனா 13 கிலோமீட்டர். அன்னிக்கு நான் முன்னாடியே கிளம்பினதால தப்பிச்சேன்.

அதனால மேப்ல ஏர்போர்ட்னு போடாதீங்க, உங்க டெர்மினல் பேரயே போடுங்க (டெர்மினல் நம்பர் டிக்கெட்ல இருக்கும், சில ஏர்போர்ட்ல ஒரு டெர்மினலுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுலயே பல கிலோமீட்டர்). கிளம்பற நேரம்னு செட் பண்ற இடத்துல 2:30-ன்னு குடுத்துப் பாருங்க. பகல்ல 40 நிமிஷம் காட்டற 9 கிலோமீட்டர் ராத்திரில 15 நிமிஷத்துல முடியலாம், அப்படிப் பாத்தா உங்க முதல் ஹோட்டல் ஒண்ணும் தூரம் இல்ல. வண்டி கிடைக்கறதுதான் விஷயம்.

நாலுகண்ணாடி:
தம்பி, நான் எங்க மாமியாரக் கூட்டிட்டு ரெண்டு தடவ இப்படி தங்கியிருக்கேன், அதனால பெரியவங்க பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

லிஃப்ட் இருக்குன்னு போட்டிருந்தாலும் வாசல்லேர்ந்து லிஃப்ட் வரைக்கும் எத்தன படின்னு கேளுங்க. எங்களுக்கு லிஃப்ட் இருந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ஆறு படி, பிடிச்சுக்க கைப்பிடி கூட இல்ல, அந்த ஆறு படி ஏற அவங்க பட்ட பாட்ட பாத்தப்புறம் நான் எங்க போனாலும் முதல்ல இததான் கேக்கறேன். கிரவுண்ட் ஃபுளோர்ல ரூம் கிடைச்சா இன்னும் நல்லது. பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட்டா, தொட்டி மாதிரி ஏறி இறங்கிக் குளிக்கறதா, நின்னு குளிக்கற ஷவரா, இதெல்லாம் போட்டோல பாத்தாலே தெரியும், ஹோட்டல் போட்ட போட்டோ இல்ல, தங்கினவங்க எடுத்துப் போட்ட போட்டோ. ரிவ்யூவையும் புதுசுலேர்ந்து வரிசைப்படுத்திப் படிங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி சூப்பர்னு எழுதினது இப்போ உதவாது, இந்த ரெண்டு மூணு மாசத்துல லிஃப்ட் ரிப்பேர், சுடுதண்ணி வரலன்னு யாராவது எழுதியிருக்காங்களான்னு பாருங்க.

சத்தத்தப் பத்தி யாரும் சொல்லல. ஃபிளைட் ஏறறதும் இறங்கறதும் காத்துக்கு எதிராத்தான், அதனால காத்து திசை மாறினா மேல பறக்கற வழியும் மாறும், ஒருத்தர் சத்தமே இல்லன்னும் இன்னொருத்தர் தூங்கவே முடியலன்னும் எழுதியிருந்தா ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க. குழந்தை இருக்கறதால ரன்வே பக்கம் பாக்காத ரூம், லிஃப்ட ஒட்டாத ரூம் கேளுங்க. மெயின் ரோட்டு லாரி சத்தம் பல நேரம் ஃபிளைட் சத்தத்த விட மோசம், அதையும் மேப்ல பாருங்க.

அப்புறம் அம்மாவுக்கு வீல்சேர் இப்பவே ஏர்லைன்ஸ்ல சொல்லி வைங்க, குறைஞ்சது 48 மணி நேரம் முன்னாடி சொல்லச் சொல்லுவாங்க. இது ஹோட்டல் விஷயம் இல்லதான், ஆனா 3 மணிக்கு தூக்கக் கலக்கத்துல அவ்வளவு தூரம் நடக்க வைக்காதீங்க.

பெட்டிபடுக்கை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கல. நைட்ஷிஃப்ட் அண்ணா சொன்ன கேள்வி எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டு இன்னிக்கு ரெண்டு ஹோட்டலுக்கும் போன் போட்டேன்.

பேர்ல ஏர்போர்ட் இருக்கற ஹோட்டல்ல முதல் வேனே காலைல 4:30-க்குத்தான், அதுக்கு முன்னாடி வேணும்னா நாமளே டாக்ஸி பாத்துக்கணுமாம். அந்த வேனத்தான் நம்பி ஒன்றரை மடங்கு குடுக்கலாம்னு இருந்தேன்! மேப்ல டெர்மினல் பேர் போட்டுப் பாத்தா அது 3 இல்ல, 7 கிலோமீட்டர். புறநகர் ஹோட்டல் 11 கிலோமீட்டர், 2:30-க்கு 18 நிமிஷம் காட்டுது. அங்க போன எடுத்தவர் பொறுமையா பேசினார், ராத்திரி முழுக்க ரிசப்ஷன்ல ஆள் உண்டு, வழக்கமா வர்ற டிரைவர் ஒருத்தர் இருக்கார், முந்தின நாள் சாயந்தரமே சொல்லிட்டா 2:30-க்கு வாசல்ல நிப்பார்னு சொன்னார். டாக்ஸிக்கு தனியா குடுத்தாலும் மொத்தமா பாத்தா இதுதான் கம்மி. லிஃப்ட் விஷயம் கேக்கறதுக்குள்ள லைன் கட் ஆயிடுச்சு, திரும்ப கேக்கணும்.

ஒரு சந்தேகம், கேன்சல் பண்ண முடியாத ரேட் இன்னும் கம்மியா காட்டுது. அத எடுத்துடலாமா?

நைட்ஷிஃப்ட்:
எடுக்காதீங்க. ஏர்லைன்ஸ்காரங்க டைம மாத்துவாங்க, ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா ரூம் காசு அப்படியே போச்சு. கொஞ்சம் கூடக் குடுத்து கேன்சல் பண்ற ரேட்ட எடுங்க, எந்த தேதி எத்தன மணி வரைக்கும் இலவசம்னு பாத்து போன்ல அலாரம் வைங்க. கடைசி ஸ்கிரீன்ல வரி எல்லாம் சேத்து எவ்வளவு வருதுன்னு பாத்துட்டு ரெண்டு ஹோட்டலயும் ஒப்பிடுங்க, முதல் பக்கத்துல காட்டற ரேட்ட வெச்சு இல்ல. மூணு பேர்னு போட்டுத் தேடுங்க, ரெண்டு பேர்னு போட்டுட்டு அங்க போய் குழந்தைக்கு கட்டில் கேட்டா அன்னிக்கு இருக்கறத பொறுத்துதான். கார்டுல அட்வான்ஸா ஒரு தொகைய பிடிச்சு வைப்பாங்களான்னும் கேட்டுக்கங்க, டெபிட் கார்டுல அது திரும்ப வர சில நாள் ஆகலாம், நீங்க பயணத்துல இருப்பீங்க, அந்த நேரத்துல கணக்குல காசு முடங்கக் கூடாது.

பில்ல ராத்திரியே கட்டிடுங்க. 2:30-க்கு வேலையே சாவியக் குடுத்துட்டு வண்டில ஏறறது மட்டும்தான்னு இருக்கணும். ரூம்ல காலைச் சாப்பாடும் சேத்துன்னு போட்டு அதிக ரேட் காட்டினா அத எடுக்க வேண்டாம், அந்த நேரத்துல யாரும் அடுப்பே பத்த வெச்சிருக்க மாட்டாங்க. சில இடத்துல முன்னாடியே சொன்னா பொட்டலமா கட்டிக் குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க.

புதுப்பயணி22:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரிதான், ஆனா ஃபிளைட் 20-ஆம் தேதி 00:40. 20-ஆம் தேதிக்கு ரூம் போட்டா சரியா?

மேப்கிறுக்கன்:
ஐயோ இல்லங்க, நல்லவேளை கேட்டீங்க! 20-ஆம் தேதி 00:40-ன்னா 19-ஆம் தேதி ராத்திரி 12 மணி தாண்டி 40 நிமிஷம். நீங்க 19-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கே ஏர்போர்ட்ல இருக்கணும். 20-ஆம் தேதிக்கு ரூம் போட்டா ஃபிளைட் போன அப்புறம்தான் ரூமே திறக்கும். 18 ராத்திரிக்கு போட்டாலும் 19 மத்தியானத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லுவாங்க, மீதி நாள் முழுக்க பெட்டியோட எங்க உக்காருவீங்க. உங்களுக்கு 19-ஆம் தேதிக்கு ஒரு ரூம் போட்டு மத்தியானம் உள்ள போய் ராத்திரி எட்டரைக்கு கிளம்பறது சரி, இல்லன்னா பகலுக்கு மட்டும் சில மணி நேரம் குடுக்கற ரூம் இருக்கான்னு ஹோட்டல்ல கேளுங்க, அது இன்னும் கம்மியா வரும்.

நாலுகண்ணாடி:
பெட்டிபடுக்கை தம்பி, பெரிய பெட்டி ரெண்டையும் ஹோட்டல்ல திறக்கவே திறக்காதீங்க. ராத்திரி உடுப்பு, பல் துலக்கறது, அம்மா மாத்திரை, காலைல போடற டிரெஸ் எல்லாம் ஒரு தனி பையில வைங்க, பாஸ்போர்ட்டும் அதுலயே. குழந்தைய போட்டுட்டுப் போற டிரெஸ்லயே தூங்க வெச்சுடுங்க, எழுப்பாம தூக்கிட்டு வண்டில போகலாம். முடிஞ்சா சாயந்தரம் 5 மணிக்குள்ள ஹோட்டலுக்கு வந்துடுங்க, 8 மணிக்கு படுத்தாத்தான் அஞ்சு மணி நேரமாவது தூக்கம்.

பெட்டிபடுக்கை:
புறநகர் ஹோட்டலயே போட்டுட்டேன், 17-ஆம் தேதிக்கு, கேன்சல் பண்ற ரேட்ல, மூணு பேருக்கு. திரும்ப போன் போட்டு கேட்டதுல வாசல்ல ரெண்டு படி இருக்கு, ஆனா பக்கத்துலயே சாய்வா ஒரு வழி போட்டிருக்காங்களாம், கிரவுண்ட் ஃபுளோர்ல பின்பக்கம் ரூம் குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். டிரைவர் நம்பரும் வாங்கிட்டேன், அவர் வர முடியலன்னா வேற யாருன்னு கேட்டு இன்னொரு நம்பரும் வாங்கிட்டேன். வீல்சேரும் சொல்லியாச்சு. அம்மாகிட்ட எல்லாத்தையும் விவரமா சொன்னேன், அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, படி எத்தனன்னு. ஏறவே வேண்டாம்மான்னு சொன்னேன்.