எக்காலத்துக்கும் பெரிய சண்டைக்காரர் யார்? படம், பழங்கதை வேண்டாம், களத்துக் கணக்கு மட்டும்

வெள்ளைப்பட்டை:
இந்தப் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் புரூஸ் லீயில போய் நின்னுடுது. 1958-ல ஹாங்காங் பள்ளிகளுக்கு இடையிலான குத்துச்சண்டையில ஜெயிச்சார், 1964-ல ஓக்லண்டில வாங் ஜாக் மேனோட மூடிய கதவுக்குள்ள மோதினார். அந்தச் சண்டையைப் பத்தி ஆளுக்கொரு கதை. அதனால அவரை ஒதுக்கி வைப்போம். தேதி, எடை, விதி மூணும் தெரிஞ்ச சண்டைகளை மட்டும் எடுத்தா யார் மிஞ்சுவாங்க? என் கணக்குல ஜப்பானிய ஜூடோக்காரர் மசாஹிகோ கிமுரா. மறுக்கறவங்க காரணத்தோட வாங்க. சண்டைக்காரரையும் ஆசானையும் ஒரே தராசுல நிறுக்கலாமான்னும் சொல்லுங்க.

தரைப்பிடி:
என் ஓட்டும் கிமுராவுக்குத்தான், ஆனா வழக்கமா சொல்ற காரணத்துக்காக இல்ல. 1951 அக்டோபர் 23, ரியோவின் மரக்கானா அரங்கம், பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியோட சண்டை. கிமுரா 85 கிலோ அளவு, வயசு 34. எலியோ 70 கிலோவைத் தாண்டாதவர், வயசு 38. அந்த எடை வித்தியாசத்துல ஜெயிச்சதுக்கு மாலை போட வேண்டியதில்ல. பார்க்க வேண்டியது விதியை. எத்தனை தடவை தூக்கி அடிச்சாலும் வெற்றி கிடையாது, எதிராளி பணியணும் இல்ல மயங்கணும். ஜூடோக்காரரோட பெரிய ஆயுதத்தை வாசல்லயே வாங்கி வச்சுட்ட மாதிரி. அப்படியும் இரண்டாம் சுற்றின் மூணாவது நிமிஷத்துல ஓசோட்டோ-காரி, அதாவது காலை வாரித் தள்ளுற வீச்சு போட்டுச் சாய்ச்சு, இடது கையைப் பூட்டிட்டார். எலியோ கடைசிவரை பணிஞ்சு தட்டலை, அண்ணன் கார்லோஸ்தான் நிறுத்தச் சொன்னார்.

கிமுராவை உயர்த்துறது இதைவிட 1937, 38, 39 மூணு வருஷமும் எடுத்த அகில ஜப்பான் பட்டம். போரெல்லாம் முடிஞ்சு 1949-ல திரும்ப வந்து இஷிகாவாவோட சமன் செஞ்சு பட்டத்தைப் பகிர்ந்தார். 1954-ல ரிகிடோசான்கிட்ட விழுந்ததை யாரும் இழுக்காதீங்க. அது முடிவைப் பேசி வச்ச தொழில்முறை மல்யுத்தம், பேச்சு பாதியில மாறிடுச்சு.

மூட்டுவலி:
கையைப் பூட்டினார்னு ஒரு வரியில தாண்டிட்டீங்களே, விஷயமே அங்கதான் இருக்கு. ஜூடோவுல உடே-கராமி, பிரேசில்காரங்க வாயில அது கிமுரா. மல்லாந்து படுத்து இரண்டு காலாலயும் எதிராளியோட இடுப்பைக் கட்டியிருக்கீங்கன்னு வைங்க. அவர் வலது உள்ளங்கையைப் பாயில ஊன்றுற நொடிதான் வாய்ப்பு. உங்க இடது கையால அந்த மணிக்கட்டைப் பிடிங்க, கட்டைவிரலும் மத்த விரல்களோட ஒரே பக்கம் இருக்கணும். கால்கட்டை அவிழ்த்து எழுந்து உட்கார்ந்து, வலது கையை அவர் தோளுக்கு மேலா விட்டு, அவர் கைக்கு அடியில நுழைச்சு, உங்க இடது மணிக்கட்டையே பிடிச்சுக்கங்க. அவர் முழங்கை 90 டிகிரி மடங்கி உங்க நெஞ்சோட ஒட்டியிருக்கணும். இடுப்பை வெளிய நகர்த்திப் படுத்து, உடம்போட சேர்த்துத் திருப்பினா அவர் கை முதுகுப் பக்கம் போய்த் தலையை நோக்கி ஏறும்.

கெடுக்கிறது பெரும்பாலும் முழங்கைதான். அது நெஞ்சை விட்டு விலகினா கையை நீட்டி உருவிடுவார். முதுகு மேல ஒரு காலைப் போட்டு அமுக்கலேன்னா முன்பக்கமா உருண்டு தப்பிச்சுடுவார். அவர் தன் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டா அப்படியே முறுக்காதீங்க, முதல்ல கையை அவர் உடம்பை விட்டு வெளிய இழுத்துப் பிடியை விடுவிங்க. பயிற்சியில மெதுவாப் போங்க, வலிக்கு முன்னாடியே சேதம் ஆரம்பிச்சுடும். 2011 டிசம்பர்ல ஒரு கலப்புச் சண்டையில (MMA) ஃபிராங்க் மிர் இதே பூட்டைப் போட்டு நோகெய்ராவோட மேல்கை எலும்பையே முறிச்சார்.

தாய்க்கால்:
எல்லாரும் தரையிலேயே உருண்டுக்கிட்டு இருக்கீங்க! முவே தாய், அதாவது தாய்லாந்து உதைச்சண்டைக்காரர் சமார்ட் பயாகரூனை ஏன் விட்டீங்க? பாங்காக் லும்பினி அரங்கத்துல நாலு எடைப் பிரிவுல பட்டம். அப்புறம் குத்துச்சண்டைக்குப் போய் 1986-ல லூப்பே பின்டோரை வீழ்த்தி உலகப் பட்டம். அவரோட தீப், அதாவது தள்ளு உதை பார்க்க லேசா இருக்கும். எதிராளி உதைக்கக் காலைத் தூக்கி ஒத்தைக் காலில நிக்கிற நேரம் பார்த்து, முன்பாதத்தால வயித்துலயோ இடுப்புலயோ தள்ளுவார். நடுவர் கண்ணுக்கு நிலை தடுமாறினது நல்லாத் தெரியும், புள்ளி விழும். இடுப்பைச் செலுத்தாம முழங்காலை மட்டும் நீட்டினா அது உதையே இல்ல, எதிராளி காலைப் பிடிச்சு அப்படியே சாய்ச்சுடுவார்.

தரைப்பிடி:
சமார்ட்டை 1982-ல நெட்டையான தாய் வீரர் டீசல்நோய் ஜெயிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. தீப்போட தூரத்தைக் கடந்து வந்து கழுத்தைக் கட்டி முழங்காலால குத்தினா, அந்த உயரத்துக்கு எதிரா என்ன செய்ய முடியும்?

தாய்க்கால்:
ஒத்துக்கறேன். டீசல்நோய் பெரிய ஆள், அவரோட மோத ஆளே கிடைக்காமப் போன காலம் உண்டு. ஆனா இரண்டு விளையாட்டுல உச்சம் தொட்டவர் சமார்ட்தான்.

மண்குழி:
ரஷ்ய மல்யுத்தக்காரர் கரேலின் எங்க போனார்? கிரேக்க-ரோமன் மல்யுத்தத்துல 1988, 92, 96 மூணு ஒலிம்பிக் தங்கம். 130 கிலோ எடையோட பாயில அப்பிக் கிடக்கிறவரை, தலைகால் மாத்தி இடுப்பைக் கட்டித் தூக்கி எறிவார். அந்த எடையில அதை வேற யாரும் வழக்கமாச் செஞ்சதில்ல. 2000 சிட்னியில ரூலன் கார்ட்னர்கிட்ட 0-1-ன்னு தோத்தது கட்டிப்பிடி நிலையில கோத்த கை அவிழ்ந்ததுக்காக. புது விதிப்படி அதுக்கு எதிராளிக்கு ஒரு புள்ளி. அந்த ஒண்ணுதான் கடைசிவரை நின்னுது.

குஸ்தியில நம்ம காமா பயில்வானையும் மறக்காதீங்க. 1910-ல லண்டன்ல போலந்து மல்யுத்தக்காரர் ஸ்பிஸ்கோ அவருக்கு எதிரா இரண்டரை மணி நேரத்துக்கு மேல குப்புறப் படுத்தே தற்காத்தார், மறுசண்டைக்கு வரவே இல்ல. 1928-ல பாட்டியாலாவுல காமா அவரை ஒரு நிமிஷத்துக்குள்ள சாய்ச்சார். ஆனா ஸ்பிஸ்கோவுக்கு அப்போ ஐம்பதை நெருங்கின வயசு, அதையும் கணக்குல வைங்க. காமா தினம் பாலும் பாதாமும் எத்தனை சேர் சாப்பிட்டார்னு வர்ற பட்டியலை நம்ப வேண்டாம்.

மூட்டுவலி:
ஆசான் கேள்விக்கு வர்றேன். ஜூடோவை உருவாக்கின ஜிகோரோ கானோ, அவருக்குத் தனித்தராசு. 1882-ல டோக்கியோவின் எய்ஷோஜி கோயில்ல 12 பாய் விரிப்புல கோடோகான்ங்கிற ஜூடோ பள்ளியை ஆரம்பிச்சார். அவர் செஞ்சது கழிக்கிற வேலை. முழு வேகத்துல பழக முடியாத, ஆளை முடமாக்குற நுட்பங்களைச் சுதந்திரப் பயிற்சியிலருந்து எடுத்து கதாவுக்குள்ள, அதாவது முன்கூட்டியே வகுத்த வரிசைப் பயிற்சிக்குள்ள வச்சுட்டார். மிச்சமிருந்ததைத் தினமும், எதிர்க்கிற ஆள் மேல, முழு பலத்தோட போட்டுப் பார்க்க முடிஞ்சுது. கொடிய நுட்பம் கத்துக்கறோம்னு காத்துல மட்டும் வீசிப் பழகினவங்க கானோவோட மாணவர்கள்கிட்ட தோத்ததுக்கு இதுதான் காரணம். கானோவோட மாணவர் வழியில வந்த மயேடா 1914-ல பிரேசிலுக்குப் போய், பெலேம் நகரத்துல கார்லோஸ் கிரேசிக்குக் கத்துக் கொடுத்தார். மரக்கானாவுல மோதின இரண்டு பேருமே கானோ வீட்டுப் பிள்ளைங்கதான்.