புதுப்பிப்பு: ஆறு வருடம் ஓட்டாத மிதி தையல் மெஷின், அடியில் நூல் கொத்துக்கொத்தாக விழுவது சரியாகிவிட்டது

தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது, சக்கரமும் இறுக்கமாகச் சுற்றுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பாபின் கேஸ் (அடிநூல் உருளை உட்காரும் கூடு) திருகைத் திருப்பியதில் பலனில்லை. "அடியில் கொத்து விழுந்தால் கோளாறு மேல்நூலில்" என்றவர் சொன்னதுதான் சரி. மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே பழைய நூல் துணுக்கு ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தது. தட்டுகள் சேரவே இல்லை. பிரஷர் ஃபுட்டைத் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கி, மடித்த காடாத் துணியைத் தட்டுகளுக்கு இடையில் இழுத்ததும் துணுக்கு வந்துவிட்டது. நூல் கோர்க்கும்போதும் ஃபுட் தூக்கியே இருக்கட்டும். இறக்கியிருந்தால் நூல் தட்டுக்குள் சரியாக உட்காராது.

சக்கர இறுக்கத்துக்கு: எண்ணெய்த் துளைகளில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய், ஐந்து நிமிடம் வெறும் ஓட்டம், துடைத்தபின் மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாக இறுகும்.

எதிர்பாராதது, மிதிச் சக்கரத்தையும் மெஷின் சக்கரத்தையும் இணைக்கும் தோல் பெல்ட். அது தொய்ந்து வழுக்கியது. அரை அங்குலம் வெட்டி, புதுத் துளையிட்டுக் கொக்கியை மாட்டினேன். ஊசி 14 நம்பர், புதியது.