டைமிங் லைட் 10 டிகிரி காட்டுகிறது, ஆனால் எஞ்சினில் இழுவை இல்லை

கேள்வி:

வணக்கம். என்னிடம் இருப்பது கார்புரேட்டரும் பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் மின்தொடர்பு) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சென்ற வாரம் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) கையேட்டில் உள்ளபடி ஐட்லிங்கில் பிஸ்டனின் உச்சநிலைக்கு முன் 10 டிகிரி என, தீப்பொறி விழும் கணத்தில் மின்னிக் கிராங்க் புல்லியின் குறியைக் காட்டும் டைமிங் லைட்டை வைத்துப் பொருத்தினேன். புல்லியின் குறி அந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது. ஆனால் மேட்டில் வண்டி திணறுகிறது, சீக்கிரமே சூடேறுகிறது, இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு மங்கிய சிவப்பாகத் தெரிகிறது. பொறுக்க முடியாமல் லைட்டை ஒதுக்கிவிட்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஓரிடத்தில் இறுக்கினேன். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் லைட்டை மீண்டும் பிடித்தால் 24 டிகிரி காட்டுகிறது. லைட்டை நம்புவதா, காதை நம்புவதா?

முதல் பதில்:

காதை மட்டும் நம்பி அப்படியே ஓட்டாதீர்கள். சுமையில்லாமல் ஐட்லிங்கில் ஓடும் எஞ்சினுக்கு அட்வான்ஸை, அதாவது தீப்பொறி உச்சநிலைக்கு முன் விழும் அளவை, கூட்டக் கூட்ட ஓட்டம் சீராகி வேகமும் ஏறும் என்பதால், காது பெரும்பாலும் தேவைக்கு மேல்தான் கொண்டுபோய் நிறுத்தும்; அதே அளவு அட்வான்ஸ் மேடேறும்போது எரிபொருளைக் காலம் தவறி வெடிக்கச் செய்து, பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடக்கூடும்.

முதலில் பாயிண்ட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால், அதைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். நான்கு சிலிண்டரில் டுவெல் கோணம் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) ஒரு டிகிரி கூடினால் டைமிங் கிராங்க் அளவில் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்தங்கும். புதிய பாயிண்டின் தேய்கட்டை தொடக்கத்தில் சற்றுத் தேய்ந்து இடைவெளி குறைவதும் உண்டு. பாயிண்டைத் திறக்கும் கேமில் சிறிதளவு கிரீஸ் தடவினீர்களா?

அடுத்து, டைமிங் பார்த்தபோது, எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்திருந்தீர்களா? அது மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாயாக இருந்து, அதை இணைத்தபடியே 10 டிகிரிக்கு வைத்திருந்தால், உண்மையான அடிப்படை டைமிங் அதைவிடக் குறைவாகவே இருக்கும். கடைசியாக, குழாயை அடைத்த நிலையிலேயே ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றி 3000 ஆர்.பி.எம். வரை குறியைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து வேகம் ஏற ஏற அட்வான்ஸைக் கூட்டும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் குறி நகராது. அப்போதும் மேனிஃபோல்டு இப்படித்தான் சிவக்கும்.

கேட்டவர்:

மூன்றையும் பார்த்தேன். இடைவெளி 0.38 மி.மீ., கையேடு சொல்லும் அளவுக்குள் இருக்கிறது. குழாயை முன்பும் அடைத்தே பார்த்தேன். மீண்டும் 10 டிகிரிக்கு வைத்து ஏற்றினால், குறி தடையின்றி 32 வரை செல்கிறது. ஆனால் அந்த நிலையில் ஓட்டினால் பழைய திணறலே.

இரண்டாம் பதில்:

அப்படியானால் எடைகளில் குறையில்லை. தீப்பொறி தாமதமாக விழுந்தால், எரிந்து முடியாத வாயு எக்சாஸ்ட் வால்வைத் தாண்டி வெளியேறி மேனிஃபோல்டைப் பழுக்கச் செய்யும். உங்கள் எஞ்சின் நடந்துகொள்வது அப்படித்தான். லைட்டோ தாமதமில்லை என்கிறது. எனவே எனக்குச் சந்தேகம் அந்தக் குறியின் மீதே. பல பழைய எஞ்சின்களில் கிராங்க் புல்லி இரண்டு துண்டுகளால் ஆனது: நடுவில் குடம், வெளியே கனமான வளையம், இரண்டையும் பிணைக்கும் ரப்பர். குறி வெட்டப்பட்டிருப்பது வெளி வளையத்தில். ரப்பர் வயதாகி விட்டுக்கொடுத்தால் வளையம் வழுக்கும். குறியும் அதனோடு போகும்.

பிஸ்டனையே கேட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, எல்லா பிளக்குகளையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில், பிஸ்டனை உச்சத்துக்குச் சற்று முன் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். ஸ்பேனரால் கையாலேயே கிராங்கைத் திருப்புங்கள், ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது எஞ்சினில் நிலையாக உள்ள சுட்டிமுனைக்கு நேரே புல்லியில் ஒரு கோடு. எதிர்த்திசையில் திருப்பி மீண்டும் முட்டும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளியே உண்மையான உச்சநிலை.

கேட்டவர்:

செய்துவிட்டேன், மிக்க நன்றி. நடுப்புள்ளிக்கும் தொழிற்சாலைக் குறிக்கும் இடையே 19.5 மி.மீ. புல்லியின் விட்டம் 160 மி.மீ., சுற்றளவு ஏறத்தாழ 502 மி.மீ.; ஆகவே 14 டிகிரி. குறி சுழற்சித் திசையில் பின்தங்கியிருந்தது. லைட் 10 என்றபோது, தீப்பொறி உச்சநிலை கடந்து 4 டிகிரியில் விழுந்திருக்கிறது. 24 என்றபோதுதான் உண்மையான 10. புதிய குறியை வெள்ளை வண்ணத்தால் தீட்டிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரின் விளிம்பு மயிரிழை மயிரிழையாக வெடித்து, ஓரிடத்தில் பிதுங்கி நிற்கிறது.

இரண்டாம் பதில் அளித்தவர்:

அந்த வண்ணக் குறியை டைமிங்குக்காக ஓரிரு நாள் பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒருமுறை வழுக்கிய வளையம் மீண்டும் வழுக்கும். நீங்கள் இன்று தீட்டிய குறியும் பொய்யாகிவிடும். அதைவிடப் பெரிய அச்சம், பிதுங்கிய ரப்பர் ஒருநாள் முழுதும் விட்டுவிட்டால் அந்தக் கனமான வளையம் ஓட்டத்திலேயே கழன்று ரேடியேட்டரையும் விசிறியையும் அடித்துவிடும். புல்லியை மாற்றும் வரை எஞ்சினை அதிக வேகத்துக்கு ஏற்றாதீர்கள். மாற்றிய பின், புதியது என்பதற்காக நம்பிவிடாமல், பிஸ்டன் ஸ்டாப்பை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டே லைட்டைப் பிடியுங்கள்.