[கலைச்சொல்] ரிவர்ஸ் டன்னல்: சுருங்கையா, இட்டேரியா?

பெருந்துறையிலிருந்து:
வணக்கமுங்க. பாலிடெக்னிக் செய்முறை ஏடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் எஸ்எஸ்எச் (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியே நுழைவது பற்றிய பாடம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசையில் இருந்தால், ரவுட்டரில் போர்ட்டை, அதாவது எண் போட்ட நுழைவாசலை, திறந்துவிட்டும் பலனில்லை. ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. அப்போது வீட்டுக் கணினியே வாடகை சர்வருக்கு இணைப்புப் போட்டு, அங்குள்ள 2222-ஆம் போர்ட்டைத் தன் 22-ஆம் போர்ட்டுடன் கட்டிவைக்கும். இந்த ரிவர்ஸ் டன்னலுக்குச் சொல் வேணும். ‘தலைகீழ்ச் சுரங்கம்’ என்றால் வகுப்பே சிரிக்கும்.

கோவையிலிருந்து:
சுரங்கம் என்றால் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். சிலம்பில் ‘சுருங்கை வீதி’ இருக்கிறதே! மதுரைக்குள் நுழையும் மறைவழி. எதிர்ச்சுருங்கை எனலாம்.

தாராபுரத்திலிருந்து:
ஏனுங்க, நம்மூர்ச் சொல் கையிலேயே இருக்குதுங்களே! இட்டேரி. அடுத்தவர் காடுகளுக்கு நடுவே, ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட தடம். பொது இணையத்துக்குள் தனிவழி என்பதும் அதுதானுங்க.

சேலத்திலிருந்து:
இட்டேரிக்கு மேலே கூரை இல்லை. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால் வண்டியில் போவது தெரியும். அடுத்தவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் மறையாக்கம் எங்கே? தஞ்சாவூர்ப் பையனுக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அது புரியவும் புரியாது. சுருங்கையும் தூய தமிழ் என்று துள்ள வேண்டாம்: கிரேக்க ‘சிரிங்க்ஸ்’ வடமொழியில் ‘சுருங்கா’ ஆகி இங்கே வந்தது என்பது மொழியியலார் பலர் கருத்து. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் குழல் என்றும் பொருள், ஆக ‘குழல்வழி’...

ஈரோட்டிலிருந்து:
குழலை அப்புறம் ஊதலாமுங்க. ஏட்டில் இதெல்லாம் இருக்குதா? சும்மா கிடக்கும் இணைப்பை இடையிலுள்ள நாட் (முகவரியைப் பங்கிட்டுத் தரும் அமைப்பு) மறந்துவிடும். அதனால் 30 நொடி சும்மா இருந்தால் சர்வரைத் தட்டிப் பார்க்க ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 30 வைக்கணும். போர்ட்டைக் கட்ட முடியாவிட்டால் இணைப்பே நின்றுவிட ‘எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர்’ ‘yes’ என்று இருக்கணும். இல்லாவிட்டால் செத்த பழைய இணைப்பு சர்வரில் 2222-ஐப் பிடித்திருக்கும்போது, புதியது தொடுத்தாற்போல் நிற்கும், வழி மட்டும் இருக்காது. எந்தப் பிழையென்றே தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவார்கள். சர்வரில் 2222 இயல்பாக லூப்பேக்கில், அதாவது சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்புக்கு மட்டுமே கேட்கும். அதை உலகுக்குத் திறக்காமல், முதலில் சர்வருக்குள் போய் அங்கிருந்து வீட்டுக்குத் தாவணும். கடவுச்சொல்லுக்குப் பதிலான எட்25519 வகைச் சாவியால் நுழைய முடிவதைச் சோதித்த பிறகே கடவுச்சொல்லை அணைக்கணும். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (sshd -t) கொடுத்துப் பிழை பார்த்து, திறந்திருக்கும் அமர்வை மூடாமல், இன்னொரு சன்னலில் நுழைந்து பார்க்கணும். சொல்லா? சுரங்கமே போதும். மெட்ரோவுக்கும் அதைத்தானே சொல்கிறார்கள்.

கோவையிலிருந்து:
இணைப்பு வீட்டிலிருந்து வெளியே போகிறது, ஆள் வெளியிலிருந்து உள்ளே வருகிறான். அந்த எதிர்த்திசைதான் ‘எதிர்’. அது நின்றால் சுரங்கத்துக்கு ஒப்புகிறேன், அரைமனதாக.

பெருந்துறையிலிருந்து:
ரெண்டு பேர் சுரங்கத்துக்கு ஒப்புகிறார்கள். ‘எதிர்ச்சுரங்கம்’ என்றே போடுகிறேன்; முதலிடத்தில் மட்டும் ரிவர்ஸ் டன்னலும் பக்கத்தில் வரும்.

தாராபுரத்திலிருந்து:
போடுங்க. இட்டேரியை நான் விடலைங்க.

சேலத்திலிருந்து:
ஒற்றைப் பாருங்கள். எதிர்க்கட்சி போலவா, எதிர்காலம் போலவா? வினைத்தொகை என்றால் ‘ச்’ வராது.